நாவுக்கு அவகாசம் கொடுப்போம்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சர்க்கரை. ஒரு மருத்துவர் சர்க்கரையைப் பற்றிப் பேசப் போகிறார் என்றதும், இது நோயாளிகளுக்கான பேச்சு என்று சிலர் நினைத்திருக்கலாம். நோய் இதில் வரும். ஆனாலும் இந்தப் பேச்சு நோய் வராதவர்களுக்கும் உரியது. பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு உரியது. ஒரு நாளைக்கு நான்கு தடவை காபியோ டீயோ குடிக்கிற நம் எல்லோருக்கும் உரியது. நான் கேட்டுக்கொள்ளப் போவது ஒன்றுதான். சர்க்கரையை ஒரே நாளில் விடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

என்ன டாக்டர் இது, உடனே விடு என்றல்லவா சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தவர்கள்தான் நாங்கள். அப்படிச் சொன்னால் என்ன நடக்கிறது?

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வருகிறது. எண் கூடியிருக்கிறது. அன்று இரவே வீட்டில் அறிவிப்பு: "நாளையிலிருந்து எனக்குச் சர்க்கரை போடாதே." மறுநாள் காலை சர்க்கரை இல்லாத காபி வருகிறது. முதல் வாய் கசக்கிறது. இரண்டாவது வாய் அதைவிடக் கசக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் போகிறது, பத்து நாள் போகிறது. அப்புறம் ஒரு கல்யாணம். இலையில் ஜாங்கிரி இருக்கிறது, பாயசம் வருகிறது, "ஒரு நாள்தானே" என்று பந்தியில் பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். அடுத்த நாள் காலைக் காபியில் பழைய இரண்டு ஸ்பூன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கூடவே மனதுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது: நம்மால் ஆகாது.

சர்க்கரை திரும்பி வந்ததை விட அந்தத் தீர்ப்புதான் எனக்குக் கவலை தருகிறது. ஆகாது என்று ஒரு தடவை முடிவு கட்டிவிட்டவர் மறுபடி முயற்சி செய்யப் பல வருடங்கள் ஆகிவிடுகின்றன. அந்த வருடங்களில் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் சும்மா இருப்பதில்லை.

அவருக்கு மனவுறுதி இல்லையா? குடும்பத்தைக் கரையேற்றியவர், கடன் அடைத்தவர், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரைப் பார்த்து மனவுறுதி இல்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? அவர் போன வழி செங்குத்தாக இருந்தது, அவ்வளவுதான். நாக்குக்கு அவர் அவகாசமே கொடுக்கவில்லை.

உச்சி வெயிலில் நடந்து வந்து வீட்டுக்குள் நுழைகிறோம். ஒன்றும் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் நின்றால் திண்டும் தெரிகிறது, தூணும் தெரிகிறது. வீட்டின் வெளிச்சம் அதேதான், நம் கண்தான் அதற்குப் பழகிக்கொண்டது. நாக்கும் அப்படிப் பழகும். கண்ணுக்குச் சில நிமிடம் போதும், நாக்குக்குச் சில வாரங்கள் வேண்டும்.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் மோனெல் என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. சுவையையும் வாசனையையும் ஆராய்வதற்கென்றே உள்ள நிலையம். அங்கே நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. ஒரு பிரிவினரின் உணவில் மூன்று மாதத்துக்குச் சர்க்கரையைக் கணிசமாகக் குறைத்தார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். இரு பிரிவினருக்கும் அவ்வப்போது ஒரே இனிப்பைக் கொடுத்து, எவ்வளவு தித்திக்கிறது என்று கேட்டார்கள். இரண்டாவது மாதத்தில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. மூன்றாவது மாதத்தில் தெளிவாகவே தெரிந்தது. சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே இனிப்பு மற்றவர்களைவிட அதிகமாகத் தித்தித்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வில் அவர்களுக்கு இனிப்பின் மீது இருந்த ஆசை குறைந்துவிடவில்லை. நாக்கு கூர்மையானது, ஆசை இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அது நல்ல செய்தியாகவே படுகிறது. இனிப்பை வெறுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. குறைந்த சர்க்கரையிலேயே அதே இனிப்பு கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்பவர் யார்?

உப்பு விஷயத்தில் இதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. பிரிட்டனில் கடை ரொட்டியில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையில் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்தது. ஒரே நாளில் அந்த 20 விழுக்காட்டைக் குறைத்திருந்தால் மறுநாளே கடைக்காரரோடு சண்டை வந்திருக்கும். மெல்ல மெல்லக் குறைத்ததால் மக்கள் அதே ரொட்டியை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பத்து வருடம் ரொட்டிக்காரர்கள் பொறுமையாகச் செய்ததை, நம் வீட்டு அடுப்படியில் மூன்று மாதத்தில் செய்ய முடியாதா?

சரி, எவ்வளவு குறைக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஓர் அளவு சொன்னது. ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது. அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. சராசரி ஆளுக்கு அந்தப் பாதி அளவு என்பது சுமார் 25 கிராம். தேனும் இந்தக் கணக்கில் சேரும், பழச்சாறும் சேரும். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையும் பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் சேராது. கொய்யாவைக் கடித்துத் தின்கிறவர் பயப்பட வேண்டாம்.

இந்த 25 கிராமை நம் டம்ளருக்குள் போட்டுப் பார்ப்போமா? தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். நம் வீடுகளில் யார் தலைதட்டிப் போடுகிறார்கள்? குவித்துத்தானே அள்ளுகிறோம்! ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நான்கு டம்ளர். 40 கிராம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு பிஸ்கட் தின்னவில்லை, பன் தின்னவில்லை, குளிர்பானம் குடிக்கவில்லை. காபி டீயிலேயே அளவு தாண்டிவிட்டது.

இங்கேதான் நான் சொல்லும் வழி தொடங்குகிறது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு டம்ளரிலும் கால் ஸ்பூன் மட்டும் குறையுங்கள். இரண்டு ஸ்பூன் ஒன்றே முக்கால் ஆகட்டும். பலருக்கு வித்தியாசமே தெரியாது. தெரிந்தாலும் நான்கைந்து நாளில் மறந்துபோகும். நாக்கு அந்த அளவை ஏற்றுக்கொண்ட பிறகு, அடுத்த இரண்டு வாரத்துக்கு இன்னொரு கால் ஸ்பூன். இப்படி ஆறு படி இறங்கினால் அரை ஸ்பூனுக்கு வந்து நிற்போம். மொத்தம் பன்னிரண்டு வாரம். பொங்கலுக்கு ஆரம்பித்தவர் சித்திரைப் பிறப்புக்குள் முடித்துவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளரில் ஒன்றரை ஸ்பூன் குறைந்தது, நான்கு டம்ளரில் ஆறு ஸ்பூன், 30 கிராம். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 11 கிலோ! ஒரு மனிதரின் உடம்புக்குள் போகாமல் நின்ற சர்க்கரை 11 கிலோ. இதற்காக அவர் பட்டினி கிடக்கவில்லை, காபியை விடவில்லை.

நடுவில் ஒரு படியில் நாக்கு முரண்டு பிடித்தால்? அந்தப் படியிலேயே இன்னும் ஒரு மாதம் நில்லுங்கள். யார் துரத்துகிறார்கள்? நிற்பது தோல்வி ஆகாது. கல்யாண வீட்டில் ஜாங்கிரி தின்றுவிட்டீர்களா? தின்றது தின்றதுதான். மறுநாள் காலைக் காபியில் முந்தின நாள் இருந்த அதே படியில் தொடருங்கள். பழைய இரண்டு ஸ்பூனுக்குத் திரும்புவதற்கு அந்த ஜாங்கிரியைச் சாக்காக்காதீர்கள்.

வீட்டுக் காபிக்கு இது சரி, கடை டீக்கு என்ன செய்வது என்று ஓட்டுநர்களும் கட்டட வேலை செய்கிறவர்களும் என்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டீக்கடையில் மாஸ்டர் கிளாசில் முதலில் சர்க்கரையைத்தான் போடுகிறார், டிகாஷனும் பாலும் அப்புறம்தான் வருகின்றன. அதனால் கடைக்குள் நுழையும்போதே "மாஸ்டர், சர்க்கரை கம்மியா" என்று குரல் கொடுத்துவிட வேண்டும். கிளாஸ் கைக்கு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. தினமும் போகிற கடை என்றால் நாலாம் நாள் நீங்கள் சொல்லாமலே அவர் கை குறைத்துப் போடும். கேனில் வருகிற டீதான் சிக்கல். அதில் சர்க்கரை ஏற்கெனவே கலந்திருக்கும். அலுவலகத்துக்கும் வேலைத் தளத்துக்கும் கேனில் டீ கொண்டுவருகிறவரிடம் எல்லோருமாகச் சேர்ந்து, சர்க்கரையைத் தனியாக ஒரு டப்பாவில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் நடக்காது, பத்துப் பேர் கேட்டால் நடக்கும்.

தாய்மார்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன். ஸ்பூனை எண்ண வேண்டாம், மளிகைச் சீட்டை எடுங்கள். உங்கள் வீட்டில் நான்கு பேர். மாதம் எத்தனை கிலோ சர்க்கரை எழுதுகிறீர்கள்? ஐந்து கிலோ என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் ஆகிறது. 25 கிராம் கணக்குப்படி நான்கு பேருக்கு மாதம் மூன்று கிலோதான். வெளியே தின்கிற பன்னும் பிஸ்கட்டும் கூட இருப்பதால், வீட்டுச் சீட்டில் இரண்டு கிலோவை நெருங்க வேண்டும். அடுத்த மாதமே இரண்டு கிலோ என்று எழுதிவிடாதீர்கள், வீட்டில் கலகம் வரும். மாதம் அரைக் கிலோ குறையுங்கள். ரேஷனில் வாங்குகிற சர்க்கரையையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொங்கல் பரிசில் வருகிற சர்க்கரையையும் சேர்க்க வேண்டும்.

"நாங்கள் வெள்ளைச் சர்க்கரையை எப்போதோ நிறுத்திவிட்டோம் டாக்டர், நாட்டுச் சர்க்கரைதான், கருப்பட்டிதான்" என்று பெருமையோடு சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் மனம் நோகாமல் இதைச் சொல்ல வேண்டும், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் இரும்பு போன்ற தாதுக்கள் கொஞ்சம் இருப்பது உண்மை. மணம் இருக்கிறது, பனைத் தொழிலாளியின் உழைப்பு இருக்கிறது, எனக்கும் சுக்குக் கருப்பட்டிக் காபி பிடிக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். ரத்தத்தில் கலந்த பிறகு கணையம் அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை. நல்லது என்ற நினைப்பில் இரண்டு ஸ்பூனுக்குப் பதிலாக மூன்று ஸ்பூன் போடுகிறார்கள். வெள்ளைக்குச் சொன்ன அதே கால் ஸ்பூன் கணக்கு கருப்பட்டிக்கும் உண்டு.

பாட்டில் பானங்களைப் பற்றி நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோலா வகைப் பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி குடித்தால் 30 கிராம். முழு நாளைக்கான அளவு ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டது! மெல்ல வேண்டியதில்லை, வயிறு நிறைந்த உணர்வும் இல்லை, அதற்குப் பிறகு சாப்பாடும் குறைவதில்லை. சர்க்கரை என்பது பாதி குளுகோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுகோஸை உடம்பு முழுவதும் எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும் சுமை கல்லீரலில் விழுகிறது. தேவைக்கு மேல் போனால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. மது தொடாத இளைஞர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதைப் பார்க்கிறோமே, அதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. இங்கே மட்டும் என் கால் ஸ்பூன் விதி கொஞ்சம் மாறும். பாட்டிலுக்குள் இருக்கும் சர்க்கரையை நம்மால் குறைக்க முடியாது, எத்தனை தடவை குடிக்கிறோம் என்பதைத்தான் குறைக்க முடியும். தினமும் குடிக்கிறவர் ஒன்றுவிட்டு ஒருநாள் குடிக்கட்டும், பிறகு வாரம் ஒன்று, பிறகு எப்போதாவது. தாகத்துக்குப் பானைத் தண்ணீரும் நீர்மோரும் போதும்.

பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வேண்டும். சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள். பொருள்களின் பட்டியலில் குளுகோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப் என்றெல்லாம் இருக்கும். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். குழந்தைகள்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்தும் அது நீடித்தது. 1953 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். எடுத்தவுடன் என்ன ஆயிற்று? ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 40 கிராம் தின்ற சர்க்கரை, கொஞ்ச காலத்திலேயே சுமார் 80 கிராம் ஆகிவிட்டது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னால் பிறந்தவர்களையும் பின்னால் பிறந்தவர்களையும், அவர்கள் முதியவர்களான பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுமார் 60,000 பேரின் விவரங்கள். முடிவு 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தாயின் வயிற்றில் இருந்த காலத்திலும் பிறந்த முதல் இரண்டு வருடத்திலும் சர்க்கரை ரேஷனில் வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைவு. உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடு குறைவு.

யோசித்துப் பாருங்கள்! அந்தக் குழந்தைகள் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை. அவர்களுடைய தாய்மாருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்தச் சிறிய அளவு, அறுபது வருடம் கழித்தும் அவர்களைக் காத்து நின்றிருக்கிறது. அப்போதும் சர்க்கரை சுத்தமாக இல்லாமல் போய்விடவில்லை. பெரியவர்களுக்கு நாளைக்கு 40 கிராம் வரை இருந்ததுதான்.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தென்மாவட்டங்களில் குழந்தை பிறந்ததும் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. குடும்பத்தில் மதிப்புக்குரிய ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாக்கில் வைப்பார். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்ற ஆசை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அவர் குழந்தையைத் தூக்கி உச்சி முகர்ந்து வாழ்த்தட்டும். முதல் ஆறு மாதம் நாக்கில் தாய்ப்பால் மட்டும் படட்டும். ஒரு வயது வரை தேன் தொடவே கூடாது. அதனால் அரிதாகக் கடுமையான நச்சுநோய் வரும் ஆபத்து இருக்கிறது. இரண்டு வயது வரை பாலிலும் கஞ்சியிலும் சர்க்கரை வேண்டாம். சர்க்கரை போடாவிட்டால் பிள்ளை பால் குடிக்காது என்று பாட்டி சொல்வார். அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரைப் பால் எப்படி இருக்கும் என்றே தெரியாதே பாட்டி! நாம்தானே பழக்குகிறோம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. அவர்களுக்கு அதே படிப்படியான இறக்கம்தான். கடையில் வாங்கும் சத்துபானத் தூளை இரண்டு ஸ்பூன் போட்டு, அதன் மேல் சர்க்கரையும் போடுகிறோம். அந்தத் தூளிலேயே சர்க்கரை இருக்கிறது. மேலே போடுவதை முதலில் குறையுங்கள். 2025-இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகைகளை வைக்கச் சொன்னது. நல்ல காரியம். எல்லாப் பள்ளிகளிலும் அந்தப் பலகை வர வேண்டும், அதை மாணவர்களே எழுத வேண்டும் என்பது என் ஆசை.

இத்தனை சின்ன மாற்றத்தால் நோயைத் தள்ளிப்போட முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் வரை தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சர்க்கரையைத் தவிர்க்கவும், தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைக்கவும், நார்ச்சத்தைக் கூட்டவும், தினமும் அரை மணி நேரம் நடக்கவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்கு வந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை இறங்காவிட்டாலும் பலன் இருந்தது. எடை இறங்கவில்லையே என்று சோர்ந்து பாதியில் விடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆய்வில் சர்க்கரை மட்டும் மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். சர்க்கரை தின்பதால் மட்டுமே சர்க்கரை நோய் வருவதில்லை. பரம்பரை இருக்கிறது, தொப்பை இருக்கிறது, தட்டு நிறைய வெள்ளைச் சோறு இருக்கிறது, நாற்காலியை விட்டு எழாத வேலை இருக்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் சுமார் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். இத்தனை பேருக்கும் காபியில் கால் ஸ்பூன் குறைப்பது ஒன்றே மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், ஒரு நாளில் நான்கு முறை கைக்கு வருகிற டம்ளரில் ஆரம்பிக்கச் சொல்வேன். அதில் வென்றவருக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் காயை ஒரு கரண்டி கூட்டுவது எளிதாகிவிடுகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிற உண்மை இது.

ஏற்கெனவே நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் உணவு அளவை மாற்றினால் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் கால் ஸ்பூன் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் வெளியே டீ தருவார்கள். சர்க்கரை கலக்காமல், தனிக் கிண்ணத்தில் ஸ்பூனோடு வைக்கும்படி அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன், அவர்களும் இசைந்திருக்கிறார்கள். சுத்தமாகச் சர்க்கரை இல்லாமல் யாரும் குடிக்க வேண்டாம். வழக்கமாக எவ்வளவு போடுவீர்களோ, அதில் கால் ஸ்பூன் மட்டும் குறைத்துப் போட்டுக் குடித்துப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் டம்ளரோடு என் பக்கத்தில் வாருங்கள், பேசுவோம்.